பனிமனிதனைக் கண்ட கமெரா: விவரணப்படங்களும் சாட்சியமும் பற்றிச் சில குறிப்புகள்

நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்த விவாதமொன்றே இக்கட்டுரைக்குக் காரணம். நண்பர் ஊரில் பௌதிகவியல் கற்பித்தவர். நத்தார் விடுமுறைக்காக நாலைந்து குடும்பங்கள் அங்கு கூடியிருந்தோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த விவரணப்படம் வட அமெரிக்கக் காடுகளில் மறைந்து வாழ்வதாகச் சொல்லப்படும், குரங்கையும் மனிதனையும் ஒத்த ‘பிக்ஃபுட்’ பற்றியது. “உதெல்லாம் கட்டுக்கதை” என்று நான் சொன்னதுதான் தாமதம், நண்பர் திரும்பினார்.

“ஐசே, படம் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். பேராசிரியர்மார் வந்திருந்து கதைக்கிறாங்கள். பிறகென்ன கட்டுக்கதை? படத்தை இப்பிடித் தட்டிவிடலாம் எண்டால், சனல் 4 காட்டின எங்கட படத்தையும் ஒருத்தன் கட்டுக்கதை எண்டு சொல்லலாம்தானே?”

அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாமெல்லோரும் அறிவோம். ஆகவே அவருடைய கேள்வியைச் சிரித்துத் தட்டிவிட என்னால் முடியவில்லை. ஒரு படத்தைச் சந்தேகிப்பதற்கு நேர்மையான முறை என்று ஒன்று உண்டா? அல்லது பிடிக்காத படத்தைச் சந்தேகிப்பதும் பிடித்த படத்தை நம்புவதும்தான் நாமெல்லோரும் செய்வதா? பனிமனிதனும் பிக்ஃபுட்டும் இதற்கு நல்ல பயிற்சிக் களங்கள். அவற்றைப் பற்றிய படங்களில் நாம் இழப்பதற்கு எதுவுமில்லை; ஆதலால் சற்று நிதானமாக யோசிக்கலாம்.

இவ்வகை விவரணப்படங்கள் எல்லாவற்றுக்கும் மூலவேராக இருப்பது ஒரேயொரு படச்சுருள். 1967 ஒக்ரோபர் 20ஆந் திகதி, வட கலிபோர்ணியாவில் ப்ளஃப் கிறீக் என்னும் ஓடைக்கரையில், ரோஜர் பற்றர்சன், பொப் கிம்லின் என்ற இருவர் குதிரைகளில் சென்றுகொண்டிருந்தபோது, பற்றர்சன் 16 மில்லிமீற்றர் கமெராவொன்றினால் எடுத்தது. கரிய உரோமம் போர்த்த உருவமொன்று நடந்து செல்கிறது, நடுவில் ஒருமுறை கமெராவைத் திரும்பிப் பார்க்கிறது, மரங்களுக்குள் மறைகிறது. மொத்தம் 954 சட்டகங்கள். அந்தத் திரும்பிப் பார்த்தலை வாசகர்கள் எங்காவது கண்டிருப்பீர்கள்.

இப்படம் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடுவது என்றே விவரணப்படக் குரல்கள் அனைத்தும் சொல்கின்றன. இங்குதான் முதலாவது கண்ணி இருக்கிறது. 954 சட்டகங்கள் ஒரு நிமிடம் ஓடவேண்டுமாயின் செக்கனுக்கு 16 சட்டகங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கமெராவில் வேகத்தைத் திருகி மாற்றலாம். 18 என்றால் படம் 53 செக்கன். 24 என்றால் 40 செக்கன். எந்த வேகத்தில் வைத்து எடுத்தார் என்பது பற்றர்சனுக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை. லண்டனில் உடலசைவியல் ஆய்வாளராக இருந்த டி. டபிள்யூ. கிறீவ் 1970களின் தொடக்கத்தில் இப்படத்தைப் பரிசீலித்தபோது சொன்னது இதுதான்: 24 சட்டக வேகத்தில் எடுக்கப்பட்டிருந்தால் இந்த நடை ஒரு மனிதனின் சாதாரண நடையோடு ஒத்துப்போகிறது, 16 அல்லது 18 என்றால் மனித நடையிலிருந்து வேறுபடுகிறது. அதாவது, அந்த உருவம் மனிதனா இல்லையா என்ற கேள்வி, கமெராவின் ஒரு திருகாணி எந்த இலக்கத்தில் நின்றது என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. ‘ஒரு நிமிடப் படம்’ என்று ஒருவர் சொல்லும்போதே, தன்னையறியாமல் பதிலின் பாதியையும் சொல்லிவிடுகிறார்.

உயரமும் இவ்வாறே. உருவத்துக்கும் கமெராவுக்கும் இடையிலிருந்த தூரமும் வில்லையின் குவியத் தூரமும் சரியாகத் தெரியாமல் உயரத்தைக் கணிக்க முடியாது. கணித்தவர்கள் ஆறடி சொச்சத்திலிருந்து ஏழடிக்கு மேல் வரை சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், மூலச்சுருள் எங்கே என்பது இன்று தெரியவில்லை. நாம் பார்ப்பவை பிரதியின் பிரதிகள். வெள்ளிக்கிழமை பிற்பகல் எடுத்ததாகச் சொல்லப்படும் சுருள், ஞாயிறன்று வோஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் திரையிடப்பட்டது. விசேட ஆய்வுகூடங்களில் மட்டுமே கழுவக்கூடிய அந்த வகைச் சுருளை, இடையிலிருந்த சனிக்கிழமையில் யார், எங்கே கழுவினார்கள் என்பதற்கு இன்றுவரை திருப்தியான பதில் இல்லை.

பற்றர்சன் 1966இல் பிக்ஃபுட் பற்றிப் புத்தகம் வெளியிட்டவர், அதைப் பற்றிய படமெடுக்கும் முயற்சியிலும் ஈடுபட்டிருந்தவர், 1972இல் இறந்துவிட்டார். ஆகவே ஏமாற்றியிருப்பார் என்று முடிப்பது சந்தேகவாதிகளின் சோம்பேறித்தனம். தேடுபவன்தான் கண்டுபிடிப்பான் என்று மறுதரப்பும் சொல்லலாம். 2004இல் வெளியான நூலொன்றில் பொப் ஹெய்ரோனிமஸ் என்பவர் அந்த உடையை அணிந்து நடந்தவர் தானே என்று கூறினார். வேடவுடை விற்பனையாளரான பிலிப் மொறிஸ் கொரில்லா உடையை விற்றவர் தானென்றார். முன்னவர் சொன்ன உடையோ குதிரைத்தோலால் ஆனது; பின்னவர் விற்றது செயற்கை இழையால் ஆனது. இருவர் சொல்வதும் ஒருங்கே சரியாக இருக்க முடியாது. உடையை எவரும் கண்முன் வைக்கவுமில்லை. ‘மர்மம் துலங்கிற்று’ என்று இவர்களை வைத்து முடிக்கும் படங்களும் மற்றைய தரப்பு விடும் அதே பிழையைத்தான் விடுகின்றன: ஒருவர் கமெராவைப் பார்த்துச் சொன்னார், ஆகவே நடந்தது. என்னுடைய தீர்ப்பு, அது உடையணிந்த மனிதன் என்பதே. ஆனால் இவர்களுடைய வாக்குமூலத்தால் அல்ல.

அந்த ஓடைக்கரைக்கும் ஒரு முற்கதை உண்டு. 1958இல் அதே ப்ளஃப் கிறீக் பகுதியில் வீதி அமைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் இராட்சதக் கால்தடங்களைக் கண்டார்கள்; உள்ளூர்ப் பத்திரிகையான ‘ஹம்போல்ட் ரைம்ஸ்’ அதை வெளியிட்டபோதுதான் ‘பிக்ஃபுட்’ என்ற பெயரே பரவலாயிற்று. அவ்வேலையின் ஒப்பந்தகாரரான ரே வோலஸ் 2002இல் இறந்தபின், அவருடைய குடும்பத்தினர் மரத்தில் செதுக்கிய பெரும் பாதங்களை வெளியே எடுத்துக் காட்டினர். பெயர் பிறந்த இடமே பகிடியில் பிறந்திருக்கிறது.

இனி இப்படங்களின் இலக்கணத்துக்கு வருவோம். ஐம்பது வருடங்களாக அது பெரிதாக மாறவில்லை. 1970களில் லெனார்ட் நிமோய் தோன்றி வழங்கிய ‘இன் சேர்ச் ஒஃப்’ தொடரிலும், 2011 முதல் 2018 வரை அனிமல் பிளனற் ஒளிபரப்பிய ‘ஃபைண்டிங் பிக்ஃபுட்’ தொடரிலும் அதே எலும்புக்கூடுதான். குரல் ஒருபோதும் ‘இருக்கிறது’ என்று சொல்லாது, ‘இருக்கக்கூடுமா?’ என்று கேட்கும். கேள்விக்குப் பொய் சொல்லும் பொறுப்பு கிடையாது. கண்டவர் கதை சொல்லும்போது, அவர் சொல்வதை நடிகர்கள் நடித்துக் காட்டுவர். பத்து நிமிடம் கழித்து அந்த நடிப்பின் துண்டொன்று மீண்டும் வரும்போது அது நடிப்பு என்பதை மனம் மறந்திருக்கும். நிபுணரிடம் இரண்டு மணி நேரம் உரையாடுவார்கள். ‘இந்த உரோமத்தை என்னால் உடனே இனங்காண முடியவில்லை’ என்ற ஒரு வசனம் மட்டும் படத்தில் எஞ்சும். பின்னர் இரவு. பச்சை நிறக் கமெரா. எங்கோ ஒரு கிளை முறியும் சத்தம். உடனே விளம்பரம்.

‘ஃபைண்டிங்’ என்று பெயரிட்டு ஏறக்குறைய நூறு பகுதிகள் எடுத்தவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் தொடர் தோற்கவில்லை. இதை நாம் அவதானிக்க வேண்டும். கண்டுபிடிப்பது அந்த வியாபாரத்தின் நோக்கமல்ல. கண்டுபிடிக்காமல் இருப்பதே அடுத்த வாரத்துக்கான மூலதனம். அதே நிறுவனம் 2012இல் கடற்கன்னிகள் பற்றிய படமொன்றை விவரணப்படத்தின் முழு அலங்காரத்துடன், நடிகர்களை விஞ்ஞானிகளாக்கி ஒளிபரப்பியது. அமெரிக்க அரசின் சமுத்திர, வளிமண்டல நிர்வாகமே ‘கடலில் வாழும் மனிதவுருக்களுக்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை’ என்ற பொருள்பட அறிவிப்பு விடவேண்டி வந்தது.

அன்றைய விவாதத்தில் இன்னொரு நண்பரும் இருந்தார். பின்நவீனத்துவம் பற்றி நிறைய வாசிப்பவர். அவருடைய ஆட்சேபம் வேறு வகையானது. “விஞ்ஞானமும் ஒரு பெருங்கதையாடல்தான். இமயமலையில் வாழுற ஷேர்ப்பா தன்ர மலையைப் பற்றிச் சொல்லுற கதையை, ஒக்ஸ்போர்ட்டில இருக்கிற ஆய்வுகூடம் ஏன் தீர்மானிக்க வேணும்?” இதை நான் மதிக்கிறேன். காலனியத்தின் அளவுகோலால் எம்முடைய கதைகள் அளக்கப்பட்ட வரலாறு எமக்கும் உண்டு. ஆனால் பனிமனிதன் விடயத்தில் நடந்தது அவர் நினைப்பதற்கு நேர்மாறானது.

1921இல் எவறெஸ்ற் சிகரத்துக்கான முதலாவது பிரித்தானிய ஆய்வுப் பயணம் கேணல் ஹவார்ட்-பெரியின் தலைமையில் சென்றது. உயர்ந்த கணவாயொன்றின் பனியில் அவர்கள் தடங்களைக் கண்டார்கள். ஓநாயின் தடங்களாக இருக்கலாம் என்பது ஹவார்ட்-பெரியின் சொந்த அபிப்பிராயம். கூட வந்த சுமைகாரர்கள் ‘மெதோ-காங்மி’ என்றார்கள். கல்கத்தாவின் ‘ஸ்ரேற்ஸ்மன்’ பத்திரிகையில் எழுதிய ஹென்றி நியூமன், திரும்பி வந்தவர்களிடம் இதைக் கேட்டறிந்து, ‘மெதோ’ என்றால் அழுக்கான, அருவருப்பான என்று பொருள்கொண்டு, ‘அருவருக்கத்தக்க பனிமனிதன்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். அச்சொற்றொடர்தான் உலகைச் சுற்றிவந்தது. ஆனால் அந்தச் சொல்லில் இருந்தது அருவருப்பல்ல, கரடி. ஷேர்ப்பாக்கள் வழங்கும் ‘மே-தே’, ‘ட்சு-தே’ என்ற பெயர்களில் பின்னையது கால்நடையைக் கொல்லும் பழுப்புக் கரடியைக் குறிப்பது. திபெத்தில் ‘ட்ரேமோ’ என்பதும் அதே கரடி. 1986இல் கிழக்குத் திபெத்தில் இரவில் தனியே நடந்தபோது இப்படியொரு விலங்கை எதிர்கொண்ட மலையேறி றைன்ஹோல்ட் மெஸ்னர், பல வருடங்கள் அலைந்து விசாரித்து, 1998இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் வந்து சேர்ந்த முடிவும் அதுதான்.

ஒரு சொல் மொழிபெயர்ப்பில் எப்படி மிருகமாகிவிடும் என்பது தஞ்சம் கேட்டு விசாரணை மேசையில் இருந்தவர்களுக்கு விளங்கும். என்னுடைய விசாரணையில் ‘சின்னம்மா’ என்றதை மொழிபெயர்ப்பாளர் ‘சிறிய அம்மா’ என்று சொல்ல, உமக்கு எத்தனை தாய்மார், உண்மையானவர் யார் என்று கேட்டு ஒரு மணித்தியாலம் போயிற்று.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில் இது: ஷேர்ப்பாவின் கதையை ஆய்வுகூடம் முறியடிக்கவில்லை. ஷேர்ப்பாவின் சொல்லுக்குள் இருந்த கரடியை ஒரு பத்திரிகைக்காரரின் மொழிபெயர்ப்பு குரங்கு மனிதனாக்கியது. ஆய்வுகூடம் கரடியைத் திருப்பித் தந்தது. ஷேர்ப்பாக்களின் வழக்கில் அந்தப் பெயர் விலங்கை மட்டும் குறிப்பதல்ல. ஆவியுலகையும் சடங்கையும் தொட்டது. அது வேறு தளம். அதை உரோமத்துண்டால் நிரூபிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

1951இல் எரிக் ஷிப்ரன் மென்லுங் பனியாற்றில் எடுத்த, பக்கத்தில் பனிக்கோடரி வைத்த ஒற்றைக் கால்தடத்தின் புகைப்படம் வெளியானதன் பின்னர், இமயம் ஒரு வேட்டைக்களமாயிற்று. பத்திரிகைகள் பயணங்களுக்குப் பணம் கொடுத்தன. நேபாள அரசும் விட்டுவிடவில்லை. 1959இல் அமெரிக்கத் தூதரகம் சுற்றுக்கு விட்ட விதிகளின்படி, பனிமனிதனைத் தேடுவோர் 5000 இந்திய ரூபா கட்டவேண்டும், தற்காப்புக்கன்றிக் கொல்லக் கூடாது, எடுத்த படங்களை அரசிடம் ஒப்படைக்கவேண்டும். இல்லாத விலங்குக்கு வரி அறவிட்ட இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்தமானது. கால்தடங்களைப் பொறுத்தவரை, கரடி நடக்கும்போது பின்காலை முன்காலின் தடத்தின்மேல் பாதி படும்படி வைப்பதுண்டு. இரண்டும் சேர்ந்து நீண்ட ஒரே பாதம் போலாகும். அதன்மேல் வெயில் பட்டு விளிம்புகள் உருகினால் பாதம் இன்னும் பெருக்கும்.

1960-61இல் எட்மண்ட் ஹிலரி தலைமையில் சென்ற குழு, கும்ஜுங் கிராமத்து ஆலயத்தில் பேணப்பட்ட ‘பனிமனிதனின் மண்டைத்தோலை’க் கடன் வாங்கி, கிராமத்துப் பெரியவரான கும்ஜோ சும்பியையும் அழைத்துக்கொண்டு சிக்காகோ, பாரிஸ், லண்டன் என்று சுற்றியது. ‘செறோ’ என்னும் மலையாட்டு இனத்தின் தோலை வளைத்து வடிவமைக்கப்பட்டது அது என்பது தெரியவந்தது. அந்தக் கிராமத்துக்கு அப்பயணத்தில் மிஞ்சிய திடமான பொருள், ஹிலரி 1961இல் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம்.

பாங்போச்சே மடாலயத்தின் கதை இவ்வளவு இனிமையானதல்ல. அங்கு பனிமனிதனின் கை என்று ஒன்று பேணப்பட்டது. ரெக்ஸாஸ் எண்ணெய்ச் செல்வந்தர் ரொம் சிலிக்கின் பணத்தில் தேடித்திரிந்த பீற்றர் பேர்ண் 1959இல் அதிலிருந்து விரலொன்றை எடுத்து, அவ்விடத்தில் மனித விரலொன்றைப் பொருத்திவைத்தார். எடுத்த விரல் ஹொலிவூட் நடிகர் ஜேம்ஸ் ஸ்ருவேட் தம்பதியின் பயணப்பெட்டியில், உள்ளாடைகளுக்கிடையே, கல்கத்தாவிலிருந்து லண்டன் போனது. முப்பது வருடங்களின் பின் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘அன்சோல்வ்ட் மிஸ்ரறீஸ்’ நிகழ்ச்சி அந்தக் கையைப் பற்றிக் காட்டியது. அதன் பிறகு கை முழுவதுமாகக் களவு போயிற்று. லண்டன் விரலை 2011இல் எடின்பரோ மிருகக்காட்சிச்சாலை விஞ்ஞானிகள் மரபணுப் பரிசோதனை செய்தார்கள்: மனித விரல். மடாலயத்துக்கு இருந்த கையும் இல்லை, உலகுக்குப் பனிமனிதனும் இல்லை. விவரணப்படம் வெறும் பொழுதுபோக்கு, யாருக்கு என்ன நட்டம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அந்த விரலை 1959இல் லண்டனில் கையேற்றுப் பரிசோதித்தவர் டபிள்யூ. சீ. ஒஸ்மன் ஹில். முதலில் மனித இனத்தோடு சேர்ந்தது என்றவர், பின்னர் நியண்டர்தால் மனிதனுக்கு நெருக்கமானது என்றார். இந்தப் பெயரைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1930இலிருந்து ஒன்றரைத் தசாப்தம் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் அவர்தான். ‘லோரிஸ்’ சஞ்சிகையில் 1945இல் அவர் எழுதிய கட்டுரை ‘நிட்டேவோ’ பற்றியது.

நிட்டேவோ எங்கள் தீவின் பனிமனிதன். பாணமைக்கும் குமணைக்கும் அப்பாலுள்ள தென்கிழக்குக் காடுகளில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும், மூன்று நாலடி உயரமான, உரோமம் அடர்ந்த, நீண்ட நகங்களைக் கொண்ட மனிதவுருக்கள். மட்டக்களப்பிலிருந்து உகந்தை வழியே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன எம்மவர்கள் கடந்து சென்ற காட்டுப்புறம் அது. இவர்களைப் பற்றி ஹியூ நெவில் 1886இல் எழுதினார்; ஃபிரெடெரிக் லூயிஸ் 1914இல் எழுதினார். வேடர்கள் அவர்களைத் துரத்திக் குகையொன்றுக்குள் அடைத்து, வாயிலில் விறகைக் குவித்து, மூன்று நாட்கள் எரித்து அழித்துவிட்டார்கள் என்பதே கதையின் முடிவு. ஒஸ்மன் ஹில் இதைக் கேட்டு, யாவா மனிதனை ஒத்த ஆதி இனமொன்றின் எச்சமாயிருக்கலாம் என்று கருதினார். கப்டன் ரம்புக்வெல என்பவர் 1963இல் மகாலேனாமக் குகைகளில் தேடினார். நிட்டேவோ என்று சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது இதையும் பாருங்கள். இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் ‘எபு கோகோ’ என்ற குள்ள உருவங்களைப் பற்றி நாகே மக்கள் சொல்லும் கதையிலும், அவர்களைக் குகைக்குள் வைத்துத் தீமூட்டி அழித்ததாகவே வருகிறது. 2003இல் அதே தீவில் குள்ளமான மனித இனமொன்றின் எலும்புகள் கிடைத்தபோது, ‘கதை உண்மையாயிற்று’ என்று விவரணப்படங்கள் ஆர்ப்பரித்தன. அப்போது எலும்புகளின் வயது ஏறக்குறைய 18,000 வருடங்கள் எனக் கணிக்கப்பட்டிருந்தது. 2016இல் அகழ்விடத்தின் மண்படைகளை மீளாய்ந்தபோது, எலும்புகள் 60,000 வருடங்களுக்குக் குறையாதவை என்று தெரிந்தது. ஒரு வாய்மொழிக் கதை அவ்வளவு காலம் தாங்குமா? திருத்தம் வந்ததற்காக எந்தப் படமும் மீண்டும் வெட்டி ஒட்டப்படவில்லை. பழைய கணக்கோடு அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

எனக்கு இந்த இரு கதைகளிலும் உறுத்துவது வேறொன்று. இரண்டிலும் அழிக்கப்பட்டவன் பேச்சு வராதவன், களவெடுப்பவன் அல்லது ஆளைக் கொல்பவன், பாதி மிருகம். அழித்தவனே கதைசொல்லி. ‘இந்தக் காட்டில் எமக்கு முன் இருந்தவர்கள் மனிதர்களே அல்ல, அவர்களும் இப்போது இல்லை’ என்று சொல்லும் கதைக்கு ஒரு காணியுறுதியின் சாயல் இருக்கிறது. தீவின் முதற்குடிகள் என்று நாம் சொல்லும் வேடர்களைப் பற்றியே பிற்கால ஆங்கிலேயர் சிலர் இதே தொனியில் எழுதினார்கள் என்பதும் நினைவுக்கு வருகிறது. நிட்டேவோ உண்மையில் இருந்ததா என்று கேட்கும் கமெரா, இந்தக் கதையை யார், ஏன் சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை.

மரபணு வந்தபின் தொலைக்காட்சியின் நடத்தை திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒக்ஸ்போர்ட்டின் பிறையன் சைக்ஸ் உலகெங்குமிருந்து ‘பனிமனித’ உரோமங்களைச் சேகரித்து ஆராய்ந்தார். லடாக், பூட்டான் ஆகிய இரு இடத்து உரோமங்களும் 40,000 வருடங்களுக்கு முந்திய துருவக்கரடியொன்றின் மரபணுவோடு பொருந்துவதாகச் சனல் 4 ஒளிபரப்பிய தொடரில் 2013 ஒக்ரோபரில் சொல்லப்பட்டது. ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 2014 யூலையில். முதலில் பார்வையாளர், பிறகுதான் சக விஞ்ஞானிகள்! கட்டுரை வெளிவந்து அதிக காலம் செல்லுமுன்னரே மற்றைய ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்துப் பார்த்து, பழங்காலத் துருவக்கரடியோடு பொருத்தம் சரியில்லை, இமயத்துப் பழுப்புக் கரடியே போதிய விளக்கம் என்று காட்டினார்கள். 2017இல் சார்லட் லிண்ட்குவிஸ்ற் தலைமையிலான குழு எலும்பு, பல், தோல், உரோமம், மலம் என்று ஒன்பது ‘பனிமனித’ மாதிரிகளை ஆராய்ந்தபோது எட்டு கரடிகளுடையவை. மீதி ஒன்று நாய். நியாயமாகச் சொல்வதானால், அவ்வாய்வுக்கான மாதிரிகளில் பலவற்றைத் தேடிக்கொடுத்ததும் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழுதான். கிடைத்தது பனிமனிதன் இல்லையென்றாலும் வெறுங்கையல்ல: இமயத்துப் பழுப்புக் கரடி ஏனைய பழுப்புக் கரடிகளிடமிருந்து ஏறக்குறைய 650,000 வருடங்களுக்கு முன் பிரிந்த தனிக்கிளை என்பது அதனால் தெரிந்தது. அழியும் தறுவாயிலுள்ள அந்த விலங்கைப் பற்றி நான் இதுவரை ஒரு முழு விவரணப்படத்தையும் பார்த்ததில்லை.

‘விஞ்ஞானம் அறியாத பெரிய விலங்குகள் பிறகு கிடைக்கவில்லையா?’ என்று கேட்பார்கள். கிடைத்தன. வியட்நாமின் வூ குவாங் காடுகளில் 1992இல் அறியப்பட்ட ‘சாவோலா’ நல்ல உதாரணம். அது முதலில் அறியப்பட்டது வேட்டைக்காரரின் வீட்டுச் சுவரில் தொங்கிய கொம்புகளால். உள்ளூரார் பெயர் வைத்திருந்தார்கள், கதையும் வைத்திருந்தார்கள், கூடவே கொம்பும் வைத்திருந்தார்கள். மிகச் சொற்பமாக எஞ்சிய அந்த விலங்கையும் 2013இல் காட்டில் பொருத்திய தானியங்கிக் கமெரா பிடித்தது. பிக்ஃபுட்டோ ஆண்டாண்டாக, தலைமுறை தலைமுறையாக வாழவேண்டுமாயின் ஒன்றிரண்டு போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். அவை சாகவேண்டும், எலும்பு விடவேண்டும், எப்போதாவது ஒன்று லொறியில் அடிபடவேண்டும். வேட்டைக்காரரும் கமெராக்களும் நிறைந்த வட அமெரிக்காவில் ஒரு பல்லுக்கூடக் கிடைக்கவில்லை.

சரி, பௌதிகவியல் ஆசிரியரின் கேள்விக்குத் திரும்புகிறேன்.

2009 ஓகஸ்ற் 25இல் சனல் 4 செய்தி, நிர்வாணமாகக் கைகட்டப்பட்டவர்கள் சுடப்படும் காட்சியை ஒளிபரப்பியது. கைத்தொலைபேசியால் எடுக்கப்பட்டதென்று சொல்லப்பட்டது. இலங்கை அரசு அது போலி என்றது. நிபுணர்களை நியமித்து, கைத்தொலைபேசியால் எடுத்ததல்ல, சுடப்பட்டவரின் அசைவு இயல்பானதல்ல என்றெல்லாம் சொல்வித்தது. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று சுயாதீன நிபுணர்களிடம் கொடுத்தார்: ஒருவர் சட்ட மருத்துவர், ஒருவர் துப்பாக்கி நிபுணர், ஒருவர் வீடியோப் பகுப்பாய்வாளர். ஒவ்வொருவரும் தத்தம் துறைக்குள் நின்று, அரசின் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதிலளித்தார்கள். 2010 சனவரியில் வெளியான முடிவு, படம் உண்மையானது என்பதையே வலுவாகச் சுட்டியது. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அந்த அறிக்கையின் மற்றப் பகுதியை. தங்களால் விளக்க முடியாதவை இவை என்று அதிலேயே பட்டியலிட்டார்கள்: சுடப்பட்டோர் சிலரின் அசைவுகள், படத்தின் இறுதியிலிருந்த 17 சட்டகங்கள், கோப்பில் பதிவாகியிருந்த 2009 யூலை 17 என்ற திகதி. 2011இல் நீண்ட வடிவம் கிடைத்தபின், அல்ஸ்ரனுக்கு அடுத்து வந்த கிறிஸ்ரொஃப் ஹெய்ன்ஸ் மீண்டும் பரிசோதிப்பித்து, உண்மையானதென்ற முடிவுக்கு வந்தார்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பிக்ஃபுட் படத்தில் விளக்க முடியாதது எதுவோ அது மர்மமாக்கப்பட்டு விற்கப்படுகிறது. அல்ஸ்ரனின் அறிக்கையில் விளக்க முடியாதது எதுவோ அது விளக்க முடியாதது என்றே எழுதப்பட்டு, அடுத்து விசாரிப்பவருக்காக விடப்பட்டிருக்கிறது. சனல் 4 காட்டியது என்பதற்காக நாங்கள் அதை நம்பவில்லை. அதே சனல் 4தான் நான்கு வருடங்கள் கழித்துத் துருவக்கரடியையும் காட்டியது.

நண்பர் இதற்கு உடன்படவில்லை. “எங்கட சனம் செத்ததைப் பரிசோதிக்கிறதே எனக்கு அருவருப்பாக் கிடக்கு” என்றார். எனக்கு அது விளங்குகிறது. ஆனால் பரிசோதிக்கப்படாத படம் எதிராளிக்குத்தான் வசதி என்றேன். அத்துடன் விவாதம் நின்றது, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீடு திரும்பியபின் ஒரு வேலை செய்தேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு கைமாறித் திரிந்த வீடியோக் கசெற்றுகளை அலமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். குண்டு விழுந்த வீதிகள், இடம்பெயர்ந்த சனம், ஆஸ்பத்திரி விறாந்தைகள். பதினொரு கசெற்றுகள். எல்லாம் பிரதியின் பிரதி. மூலத்தை யார் வைத்திருக்கிறார், கமெராவைப் பிடித்தவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்றில் திகதி மட்டும் இருக்கிறது. அவற்றை எனக்குத் தந்தவர்களில் நால்வர் காலமாகிவிட்டார்கள். மிச்சப்பேருக்கு இந்தக் கிழமை தொலைபேசி எடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.